அடியில்லாத வாளி

புதினாவைக் கேட்காதே. வேறு எதை வேண்டுமானாலும் கேள், தாயே, அதை மட்டும் என்னிடம் கேட்காதே.

மனதுக்குள் இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே மருமகள் அடுக்களை வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டாள்.

"அத்தை, மாடிக்குப் போய் ரெண்டு புதினா எல கிள்ளிட்டு வரட்டுமா? வாய் ஒரு மாதிரி கசக்குது."

மாமியார் கழுவிக்கொண்டிருந்த தம்ளரை இன்னொரு முறை கழுவினாள். முகத்தைத் திருப்பாமல் பேசுவது எவ்வளவு வசதி என்று அந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"பூச்சி விழுந்துடுச்சு."

"உங்க புதினாலயா?" என்று மருமகள் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அந்தப் பெண் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஒரு பொய்க்கு அந்தச் சிரிப்பு செலவாகிப் போனது. மருமகள் வெறும் வெந்நீரை ஊற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மெல்ல அறைக்குத் திரும்பிப் போனாள். கலைந்துபோன கருவுக்கு நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஆனாலும் அவள் இன்னும் ஒரு கையை வயிற்றின் மேல் வைத்தபடிதான் நடந்தாள்.

அந்த வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. அதற்கு மேலே மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் அவள் ரோஜா வளர்த்தாள். தரையில் ஒரு சாண் மண் கிடையாது என்பதால் எல்லாமே தொட்டிச் செடிகள். பெயின்ட் டப்பா, உடைந்த ஐஸ் பெட்டி, யாரோ தூக்கிப் போட்ட குளியல் தொட்டி என்று கிடைத்ததையெல்லாம் மேலே ஏற்றிவிடுவாள். அவற்றில் ராஜா, பழைய துணி துவைக்கும் எந்திரத்தின் எஃகு உருளை. சுற்றிலும் பொத்தல்கள் இருந்ததால் தண்ணீர் தேங்காது, வேருக்குக் காற்றும் கிடைக்கும். அதில் இருந்த அடர்சிவப்பு ரோஜாவுக்குச் செவப்பி என்று பெயர் வைத்திருந்தாள். பெயர் வைத்ததை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எப்படியோ எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

காலையில் செடி, பகலில் கண்ணாடிக் கடை. மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டி, சட்டத்துக்குள் பொருந்த ஓரம் தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. நகக்கண் அளவு பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும். அந்த வேலையில் பெயர் எடுத்தவள். கணவர் மட்டும் படிக்கிற கண்ணாடி போட்டுக்கொள்ள மாட்டார். பஸ் பணிமனையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரைப் போர்மேன் என்றுதான் கூப்பிடும். அவளும் மனதுக்குள் அப்படித்தான். "சத்தத்த வெச்சே எந்த நட்டு லூசுன்னு சொல்றவன் நான், எனக்கு எதுக்குடி சோடாபுட்டி?" என்பார். கண்ணாடிக்காரி புருஷனுக்குக் கண்ணாடி இல்லை என்று கடை முதலாளி அவளைக் கேலி செய்வார்.

முன்பெல்லாம் அவளும் மருந்து அடித்தவள்தான். மொட்டுக் கழுத்தில் அசுவினிப் பூச்சி மொய்த்தால் உடனே தெளிப்பானைத் தூக்கிவிடுவாள். பிறகு ஒருநாள், மருந்தடித்த மறுகாலையில், ஒரு தேனீ ரோஜா இதழிலேயே விறைத்துக் கிடந்ததைப் பார்த்தாள். சிறு சாவுதான். ஆனால் அது பல நாள் கண்ணைவிட்டுப் போகவில்லை. அப்போதுதான் துணைச்செடிகள் பக்கம் திரும்பினாள். ரோஜாவின் காலடியில் பூண்டு ஊன்றினால் அதன் வாடைக்கு அசுவினி கிட்ட வராது என்றார்கள். செண்டுமல்லி வைத்தால் மண்ணில் இருக்கும் புழுக்கள் அடங்கும் என்றார்கள். புதினாவின் நெடியில் பூச்சிகளுக்கு வழி தப்பிவிடுமாம். எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். கொஞ்சம் பலித்தது, கொஞ்சம் பலிக்கவில்லை.

புதினாவில் ஒரு தொல்லை உண்டு. இடம் கொடுத்தால் தொட்டி முழுக்கத் தன் வேரை ஓட்டிவிடும். பிறகு ரோஜா பட்டினிதான். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடிப்பக்கத்தை அறுத்து எறிந்துவிட்டு, மீதி வளையத்தை உருளைக்குள் மண்ணோடு அமுக்கிப் புதைத்து, அதற்குள் புதினாவை நட்டாள். வேர் பக்கவாட்டில் ஓடாது. தண்ணீரும் சத்தும் அடிவழியாகப் பொதுவில் கிடைக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ரோஜாத் தொட்டிக்குள் ஒரு தனி வாளி உட்கார்ந்திருப்பதுபோலத்தான் தெரியும்.

மகன் கல்யாணம் செய்துகொண்டு வந்த பெண்தான் அந்த மாடிக்கு அவளைத் தேடி ஏறி வந்த முதல் ஆள். மகன் குளிர்பதனப் பெட்டி பழுது பார்க்கிறவன். மாடிக்கு வந்தால் போனில் பேசிவிட்டு இறங்கிவிடுவான். போர்மேன் தண்ணீர்த் தொட்டியின் மிதவையைப் பார்க்க மட்டும் வருவார். மருமகள் அப்படியில்லை. அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவள், சாயம் பூசுகிறவள். கவாத்து செய்வதைப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே, சாய்வாக வெட்ட வேண்டும் என்று ஒரு தடவை சொன்னதுதான். மறுகிளையை அவளே வெட்டிக் காட்டினாள். வெட்டு அத்தனை சுத்தம்.

"நீங்க செடிக்கு முடி வெட்றீங்க, நான் மனுஷனுக்குக் கவாத்து பண்றேன். அவ்ளோதான் அத்தை வித்தியாசம்."

அன்று மாலையே மாமியாரை ஒரு பிரம்பு மோடாவில் உட்கார வைத்து, பழைய துண்டைக் கழுத்தில் சுற்றி, வருஷக்கணக்கில் யாரும் தொடாத அவள் முடியை வெட்டிவிட்டாள். பின்கழுத்தில் அந்த விரல்கள் பட்டபோது இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. காற்றின் மேல் பழி போட்டாள்.

சில மாதம் கழித்து இவளுடைய அக்காவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. அக்கா வீட்டுக்குப் போய்த் தங்கவேண்டி வந்தது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைப் போர்மேனிடம் விட்டுப் போனாள். போகும்போதே செவப்பியின் மொட்டுகளில் இலைப்பேன் விழுந்திருந்தது. ஓரம் கருகி, விரியாமலே சுருண்டுகொண்டிருந்தன. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு போனவள், திரும்பி வந்து மாடி ஏறியதும் நேரே செவப்பியிடம் போனாள். ஒரு மொட்டிலும் கறை இல்லை. இலைக்கு அடியில் திருப்பிப் பார்த்தால் ஒரு பூச்சி இல்லை. கை அகலத்துக்குப் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது.

பூண்டு வேலை செய்துவிட்டது என்று அவள் நினைத்தாள். புகைப்படம் எடுத்து, மாடித்தோட்டக்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த போன் குழுவில் போட்டாள். மருந்தில்லா ரோஜா, துணைச்செடிகளின் சாதனை என்று தலைப்பு வேறு. நாலு திசையிலிருந்தும் பாராட்டு வந்தது. தெரியாத ஒரு பெண் போன் செய்து எத்தனை பல் பூண்டு வைத்தீர்கள் என்று கேட்டாள். இவள் எத்தனை என்று சொல்லி, எவ்வளவு ஆழத்தில் என்றும் சொன்னாள். போர்மேன் செய்தித்தாளுக்குப் பின்னால் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கேலி செய்கிறார் என்று விட்டுவிட்டாள்.

அந்த நாட்களில்தான் மருமகளுக்கு மசக்கை தொடங்கியது. எதைத் தின்றாலும் வெளியே வந்தது. புதினாவைக் கசக்கி வெந்நீரில் போட்டுக் குடித்தால் மட்டும் வயிறு சும்மா இருந்தது. தினமும் காலையில் தூக்கக் கலக்கத்தோடு மாடிக்கு வந்து கைநிறையப் பறித்துக்கொண்டு போவாள். என் மருந்துக்கடை எப்படி இருக்கு என்று அந்த வாளியைக் கேட்பாள். கழுவிவிட்டுப் போடட்டுமா அத்தை என்று முதல்நாள் கேட்டதற்கு இவள் சொன்ன பதில் இப்போதும் காதில் ஒலிக்கிறது.

"தூசிக்காகக் கழுவு. மத்தபடி இந்தத் தொட்டில மருந்துங்கற பேச்சே கிடையாது. கண்ண மூடிட்டுப் பறி."

பிறகு அது நடந்தது. ஒரு பகலில், அழகு நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோதே மருமகளுக்கு வயிற்றைப் பிடித்து இழுத்தது. மகன் வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. டாக்டரம்மா நல்ல மாதிரி. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பேசினாள். இது நிறையப் பேருக்கு நடக்கிறது, பெரும்பாலும் காரணமே தெரிவதில்லை, யார் மேலும் தவறில்லை என்றாள். காரணமில்லாத துக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் போர்மேன் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்.

அந்தச் சாயம்தான். அந்த வாடை. நாள் முழுக்க நின்றுகொண்டு அதையே மூச்சில் இழுத்தால் எந்தக் கரு தங்கும் என்றார். மகன் அதைப் பிடித்துக்கொண்டான். மருமகள் அன்றிலிருந்து தன் உள்ளங்கைகளை முகர்ந்து பார்க்கத் தொடங்கினாள். சோப்புப் போட்டுக் கழுவுவாள், முகர்வாள், மறுபடி கழுவுவாள். யாருக்கு எந்த நிறம் பூசினேன், கையுறை போட்டிருந்தேனா என்று கணவனிடம் ஒவ்வொன்றாக ஒப்பித்தாள். கதவு சாத்தியிருந்தாலும் கேட்டது.

உண்மையைச் சொன்னால், போர்மேன் சாயம் என்று சொன்னபோது இவளுக்கும் ஒரு நிம்மதி வந்தது. பழியைக் கொண்டுபோய் வைக்க வீட்டுக்கு வெளியே ஓர் இடம் கிடைத்த நிம்மதி. அதை நினைத்துப் பின்னால் எத்தனையோ முறை கூசினாள்.

கவனிக்க ஆளில்லாமல் செவப்பி காய்ந்துகொண்டிருந்தது. மருமகளை வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள், மனசு ஓரிடத்தில் நிற்காமல், மேல்மண்ணைக் கிளறிவிடலாம் என்று மாடிக்குப் போனாள். தென்னைநார்த் தூளை ஒதுக்கியபோது, ரோஜாவின் தண்டைச் சுற்றி வட்டமாக, ஊதா நிறத்தில் ஏதோ மணல் மாதிரி கிடந்தது. கொஞ்சம் கரைந்து மண்ணில் கறையாகியிருந்தது. கொஞ்சம் கரையாமல் மினுமினுத்தது. அவள் வாங்குகிற எந்த உரத்துக்கும் அந்த நிறம் கிடையாது. சற்றுத் தள்ளிச் செண்டுமல்லியின் கீழே பார்த்தாள். சருகு என்று இத்தனை நாள் நினைத்தவை தேனீக்கள். ஒன்றல்ல, ஒரு சிறு குவியல்.

போர்மேன் மிதவையைச் சரிசெய்ய வந்திருந்தார்.

"இதுல என்ன உரம் போட்டீங்க?"

"எதுல?"

"செவப்பி தொட்டில."

"ஓ, அதுவா. உரம் இல்ல, மருந்து" என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "நீ உங்கக்கா வீட்ல இருந்தப்ப மொட்டெல்லாம் சுருண்டு போச்சு. வந்தா உக்காந்து அழுவியேன்னு கடையில போய்க் கேட்டேன். குருணை மருந்துன்னு குடுத்தான். வேர் வழியா ஏறிப் பூச்சியக் கொல்லுமாம், அடிக்க வேண்டியதே இல்லையாம். ஒரு கைப்பிடி தூவி, நார்த்தூளப் போட்டு மூடிட்டேன். சொன்னா மருந்து போட்டுட்டீங்களான்னு குதிப்ப. அதான் சொல்லல. நீ பூண்டு பூண்டுன்னு ஊரெல்லாம் டமாரம் அடிச்சப்ப எனக்குச் சிரிப்பு தாங்கல போ."

அவளுக்கு முதலில் வந்தது அவமானம். பூண்டு இல்லை. அத்தனை பேரிடம் சொன்னேனே, போன் செய்த பெண்ணுக்கு ஆழம்கூடச் சொன்னேனே என்பதுதான் முதலில் வந்தது. அதற்கு அடுத்துத்தான் மருமகள் வந்தாள். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இடைவெளி. ஆனால் அந்த வரிசையை அவளால் பின்னால் மாற்றிக்கொள்ள முடியவில்லை. நான் இப்படிப்பட்டவளா என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். இப்படிப்பட்டவள்தான்.

"அதுலதான் அவ தெனம் புதினா பறிச்சா" என்றாள்.

"புதினா தனி வாளில தானே இருக்கு?"

"வாளிக்கு அடி கிடையாது."

போர்மேன் திருகுசாவியைக் கீழே வைத்தார். பிறகு தொட்டிக்கருகே வந்து, வாளியின் விளிம்பைப் பிடித்து இழுத்தார். வளையம் வந்தது. மண்ணும் புதினா வேரும் கீழேயே நின்றன. கையில் அடியில்லாத வாளி. அதன் வழியாகத் தரையைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு கைப்பிடிதான்" என்றார். மறுபடியும், "ஒரு கைப்பிடிதான்டி."

நாற்பது வருஷமாகப் பார்க்கிற முகம். பிரேக் பிடிக்காத பஸ் என்று தெரிந்தும் கையெழுத்துப் போடச் சொன்ன மேலதிகாரியை எதிர்த்து நின்ற மனிதர். அந்த வளையத்தைக் கீழே வைக்காமல் மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வாளியின் அடியை அறுத்த கத்தி யார் கையில் இருந்தது?

அவருடைய பழைய கருவிப்பெட்டியில் அந்தக் குருணை மருந்துப் பாக்கெட் பாதி மீதியோடு கிடந்தது. மறுநாள் கடைக்கு எடுத்துப் போனாள். பின்பக்கத்து எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. லென்ஸ் ஓரம் பார்க்கிற உருப்பெருக்கியின் கீழே விரித்துப் படித்தாள். மனிதரோ கால்நடையோ உண்ணும் எந்தச் செடியும் உள்ள மண்ணில் இடக் கூடாது. கையுறையின்றித் தொடக் கூடாது. படித்துவிட்டு ஒரு லென்ஸை எடுத்து எந்திரத்தில் பொருத்தினாள். ஓரம் பிசகி உடைந்தது. என்னம்மா, உனக்கே கண்ணாடி போட வேண்டிய நேரம் வந்துடுச்சா என்றார் முதலாளி. ஆமாம் என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள். பாக்கெட்டை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இதனால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இலையில் எவ்வளவு ஏறியது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றாள். கூட்டி வந்தால் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், அடுத்த முறைக்கு எச்சரிக்கையாக இருக்கலாம் என்றாள். பிறகு கேட்டாள்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"அப்ப நீங்க இதை என்கிட்ட சொல்லிட்டுப் போறதுல அவங்களுக்கு என்ன ஆகப் போகுது?"

வீட்டுக்கு வந்து நடந்ததைப் போர்மேனிடம் மட்டும் சொன்னாள். அவர் கடைசிப் பேச்சைக் காதில் வாங்கவில்லை. டாக்டரே தெரியாது என்கிறாள், நீ எதற்கு ஊதிப் பெரிசாக்குகிறாய் என்றார். தெரியாத ஒன்றைச் சொல்லி அந்தப் பெண்ணை வாழ்நாள் முழுக்க நம்மைப் பார்க்கும்போதெல்லாம் எரிய வைப்பதா என்றார். மகன் என் மூஞ்சியில் முழிப்பானா என்று கேட்டார். எனக்கும்தான் பேரப்பிள்ளை என்றார்.

அவள் மாடிக்குப் போனாள். புதினாவை ஒரு வேர் விடாமல் பிடுங்கினாள். மண்ணைச் சாக்கில் கட்டி ஓரமாக வைத்தாள். செவப்பியை மட்டும் தூக்கி எறியக் கை வரவில்லை. வெற்று உருளைக்குள் காய்ந்த வேரோடு சாய்த்து வைத்தாள்.

சொல்லாமல் இருப்பது அவள் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. மருமகளுக்கு முடி சீவிவிட்டாள், கால் பிடித்துவிட்டாள், சூடாக எதையாவது கலக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நீங்க ஏன் அத்தை இவ்ளோ செய்றீங்க என்று அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டபோது, செய்வதெல்லாம் பாசம்தானா என்று தனக்கே விளங்கவில்லை. போர்மேனைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, சொல்லிவிட்டால் இந்தப் பெண் இனி மாடிக்கு வரமாட்டாள், பின்கழுத்தில் அந்த விரல்கள் இனி படாது என்பதுதான்.

வார விடுமுறையன்று மகன் அடுக்களைக்கு வந்தான். கதவைப் பாதி சாத்திக்கொண்டு தணிந்த குரலில் பேசினான். அழகு நிலையத்திலிருந்து முதலாளியம்மா போன் செய்திருக்கிறாளாம். எப்போது வருகிறாய், உன் நாற்காலி உனக்காகக் காத்திருக்கிறது என்றாளாம். மருமகளுக்குப் போகவும் ஆசை, போகவும் பயம். ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை. வேலையை விட்டுவிடு என்று தான் சொன்னால் அழுகிறாளாம்.

"நீ சொன்னா கேப்பாம்மா. ஒன்னும் பெரிசா வேணாம். சாயம்தான் காரணம், டாக்டரும் அப்படித்தான் நெனைக்கறாங்கன்னு மட்டும் சொல்லு. ஒரு முடிவு தெரிஞ்சிட்டா அவளும் அமைதியாயிடுவா."

"டாக்டர் அப்படிச் சொல்லலையே."

"சொல்லலதான். ஆனா வேற என்ன இருக்க முடியும், சொல்லு?"

அவள் மகனைப் பார்த்தாள். கன்னமெலும்பு தெரிந்தது. பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கதவிடுக்கில் போர்மேன் தெரிந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார். உங்கம்மா சொல்லுவா, நீ போ என்றார். மகன் போனதும் உள்ளே வந்து, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்தில் பேசினார்.

"சொல்லிடு. வேலைதானே. போனா இன்னொரு வேலை. அதோட இந்தப் பேச்சு முடிஞ்சுடும். உன்கிட்ட நான் இதுவரைக்கும் எதையும் கேட்டதில்ல."

அது நிஜம். அவர் எதையும் கேட்டதில்லை. குழாயை அவள் மூடினாள்.

அழகு நிலையத்துக்கு அவள் ஒரே ஒரு தடவை போயிருக்கிறாள். மருமகள் நாற்காலியைச் சுழற்றி, வந்தவளின் தலையைக் கண்ணாடியில் பார்த்து, ஒரு கேள்வியும் கேட்காமல் சீப்பை எடுத்த விதத்தை அங்கேதான் பார்த்தாள். தான் லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும்போது எப்படி இருப்பாள் என்று அவளுக்கு அன்றைக்குத் தெரிந்தது. அந்த வேலையைப் பறித்து, அந்தப் பெண்ணின் கையில் அந்தப் பழியையும் வைத்து மூடிவிட்டால், அவள் சாகும்வரை உள்ளங்கையை முகர்ந்துகொண்டிருப்பாள். அடுத்த குழந்தையைத் தூக்கும்போதும் முகர்வாள்.

சாயங்கால வெயில் ஜன்னலில் இருந்தபோது நால்வரும் முன்னறையில் இருந்தார்கள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மருமகள் அறையிலிருந்து ஒரு தோல் பையை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். கத்தரிக்கோல்கள் வைக்கிற உறை. இடுப்பில் கட்டிக்கொள்ளும் வார் தேய்ந்து பளபளத்தது.

"எல்லாரும் என்னை வெச்சுக்கிட்டுக் குசுகுசுன்னு பேசறது கேக்குது அத்தை" என்றாள். கோபமாக இல்லை. "இவரு சொன்னா எனக்குச் சண்ட வருது. மாமா சொன்னா பயமா இருக்கு. நீங்க இதுவரைக்கும் ஒன்னுமே சொல்லல. நீங்க என்கிட்ட பொய் சொல்ல மாட்டீங்க. சாயம்தானா? நீங்க ஆமான்னா இத நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

மகன் தாயைப் பார்த்தான். போர்மேன் தேநீர்த் தம்ளரின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "சொல்லேம்மா" என்றார். மனைவியை அவர் அம்மா என்று கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை.

ஆமாம் என்பது ஒரு சின்னச் சொல். நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் இந்தத் தேநீரை எல்லாரும் குடித்துவிடலாம். மகன் சாப்பிடுவான். இவர் மிதவை பார்க்க மாடிக்குப் போவார்.

அவள் கையை நீட்டித் தோல் பையைத் தொட்டாள். உள்ளே கத்தரிக்கோல்கள் மெல்ல உரசிக்கொண்டன. அதை மேசையின் மறுபக்கம், மருமகளின் கைகளுக்கு அருகே தள்ளி வைத்தாள்.

"இல்லம்மா" என்றாள். "சாயம்னு நான் சொல்ல மாட்டேன்."

"இருட்டப் போகுது, நாளைக்குப் பேசிக்கலாம்" என்று போர்மேன் எழுந்தார்.

"வேணாங்க" என்றாள் அவள், அதே குரலில். "புதினாவப் பத்திப் பேசணும். நீங்களும் உக்காருங்க."